தீர்ந்தவை

ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து படிவம் வந்திருக்கிறது:
லட்சம் பேருக்கு எத்தனை நீதிபதிகள்,
ஒரு வழக்குக்கு எத்தனை நாள்.
எஸ்தோனியாக்காரர்கள் அன்றைக்கே அனுப்பிவிட்டார்களாம்.
எங்கள் கத்தன்சாரோவில்
பிரிண்டருக்கு மை வரவே மூன்று வாய்தா.

தெக்லா கல்லுச்சோவின் கேஸ்கட்டைப் பிரித்தேன்.
பக்கத்து வீட்டுக் கூரைத்தண்ணீர்
தன் படுக்கையறைச் சுவரில் இறங்குகிறது என்று வழக்கு.
பதினொரு வருஷம்.
ஒரு நீதிபதிக்கு மாற்றல்,
இன்னொருவருக்குப் பிரசவம்,
மூன்றாவது நாற்காலிக்கு ஆளே போடவில்லை.
ஈரம் மட்டும்
ஒரு நாள்கூடத் தவறாமல் ஆஜர்.

போன மாதம் அவள் இறந்தாள்.
வாரிசென்று யாரும் வரவில்லை. கட்டை முடிந்துவைத்தோம்.

விதிப்படி அதுவும்
‘தீர்ந்தவை’ கட்டத்தில்தான் சேரும்.
ஒன்றைக் கூட்டினேன்.
எங்கள் சதவீதம் முதல்முறையாக நூறைத் தொட்டது.

“இந்தத் தடவை ஸ்லோவேனியாவை முந்திவிடலாம்”
என்றார் தலைமை எழுத்தர்,
காபிக்குச் சில்லறை தேடியபடி.