எதுத்தூன், கேட் கீப்பர்

வருகைப் பதிவு எடுக்கையில்
"எது தூண்?" என்பார் கணக்கு வாத்தியார்.
வகுப்பே ஆளுக்கொரு தூணைக் காட்டும்.
ரேஷன் கார்டில் நான் எத்துத்தூண்.
ரயில்வே ஆணையில் ஏதுத்துன்.
அப்பா வைத்தது எதுத்தூன்.

அப்பா மாசிலாமணி, ஆலயப் பாடகர் குழுத் தலைவர்.
தாவீது தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள்.
ஆசாப்புக்கு இருக்கிற பேரே போதும் என்றாராம்.
கூடாரத்துக்கு முன் கைத்தாளத்தோடு நின்றவன்,
ஒரு வரியில் வந்து
அடுத்த வரியில் காணாமல் போகிற இராகத்தலைவன்,
அவன் பெயரைக் கேட்டு
ஞானஸ்நானத் தொட்டியருகே அடம்பிடித்திருக்கிறார்.

எனக்குச் சுருதி நிற்கவில்லை.
ச-வுக்கும் ரி-க்கும் நடுவே
உடைமுள்ளில் மாட்டிய வேட்டியாய்த் தொங்குவேன்.
பன்னிரண்டு வயதில் ஆல்ட்டோ வரிசையிலிருந்து
இறக்கிவிட்டார்.
வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை.
நாலு நாள் கருப்பட்டிக் காப்பியை மட்டும்
அவரே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

இப்போது நாசரேத்துக்கும் குரும்பூருக்கும் நடுவே,
வாழைக்கும் பனைவிடலிக்கும் இடையில், கேட்.
ஸ்டேஷன் மாஸ்டர் போனில் நம்பர் சொல்வார்,
என் நம்பரை நான் சொல்வேன்.
சக்கரம் சுற்றினால் கம்பு இறங்கும்.
இரவுப் பணியில் வேதத்தின் பெயர்ப் பட்டியல்களை வாசிக்கிறேன்,
பிரசங்கத்துக்கு ஆகாத பக்கங்களை.
அங்கேதான் கண்டேன், எதுத்தூனே:
உன் பிள்ளைகளில் சிலர் சுரமண்டலத்துக்கு,
சிலர் வாசல் காக்க.
அப்பாவிடம் சொல்ல ஓடியிருப்பேன்.
கல்லறைத் தோட்டத்தில் மூன்றாம் வரிசையில் இருந்தார்.

உன்னிடம் ஒப்படைத்த பாட்டுகளையும் பார்த்தேன்.
மூன்று.
ஒன்றில் ஒருவன் தன் வாய்க்குக் கடிவாளம் போடுகிறான்.
ஒன்றில் ஒருவன் அசையாமல் காத்திருக்கிறான்.
ஒன்றில் தூக்கம் வராதவனுக்குப் பேச்சும் வரவில்லை.
பாடவைக்க வேண்டியவன் கையில்
ஏனய்யா எல்லாரும்
பேச்சு நின்ற பாட்டாகப் பார்த்துக் கொடுத்தார்கள்?

டிசம்பர் இருபத்திமூன்று.
கடம்பாக் குளம் மறுகால் பாய்ந்து
தவளைகள் சபை கூடிக் கத்துகின்றன.
கேரல் ரவுண்டு வேன் கேட்டுக்கு அந்தப்பக்கம் நின்றது.
"யண்ணே, ஒரு நிமிசம் தொறந்துவிடும்,"
வேதமுத்து இறங்கி வந்தான்.
"நம்பர் குடுத்தாச்சுடே."
"அப்ப இங்கனயே பாடிருவோம்," என்றாள் கிருபைமணி.
ஹார்மோனியத்தில் மழை ஏறியிருந்தது.
ஆளுக்கொரு சுருதியில் தொடங்கினார்கள், நிறுத்தினார்கள்,
ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.
வளைவில் இன்ஜின் ஊதியது, நீளமாய்.
கிருபைமணி அந்த ஊதலை
மரத்திலிருந்து விழும் பழத்தைப்போல் பிடித்துக்கொண்டாள்.

வண்டி கடந்தது.
பச்சை விளக்கோடு இந்தப்பக்கம் நான்.
பாட்டு கேட்கவில்லை.
பெட்டி இடுக்குகளில் வாய்கள் திறந்து மூடின,
நேசகனி டீச்சரின் கை மேலே போனது, வந்தது.
கடைசிச் சிவப்பு விளக்கும் போன பின்
பார்த்தால், அதே சுருதியில்
ஒருவரும் வழுக்காமல் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

திறக்கலாம்.
சக்கரத்தில் கை.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்,
பைக்கில் ஒருவன் என் தாயை இழுத்தான்.
கடைசி அடி மூன்று தடவை,
அது அப்பா போட்ட வழக்கம்.
இரண்டாவதில் சுற்றத் தொடங்கினேன்.
மூன்றாவது முடியவும்
கம்பு வானத்தைப் பார்த்து நின்றது.

"ஆமென் சரியா விழுந்துச்சுண்ணே!"
வேனிலிருந்து வேதமுத்து.

கேட் திறந்த நேரம் பதினொன்று ஐம்பத்திரண்டு.
தாமதம் ஒரு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தை அப்படியே விட்டேன்.
கீழே கையெழுத்து,
கொம்பு, கால், புள்ளி தவறாமல்.
வெளியே தவளைகள்
இன்னும் ஆளுக்கொரு சுருதியில்.