வெள்ளோட்டம்

வலங்கைமான் ரைஸ்மில்லில், தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால்
எழுபத்திரண்டாம் வருஷத்து ஹெரால்டு.
பின்சீட்டில் ஒரு கோழி அடைகிடந்தது.
பதினொரு முட்டை.
பொரித்து முடியட்டும் என்று பதினெட்டு நாள் காத்திருந்துதான்
நீடாமங்கலத்துக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தோம்.

எங்கள் கணக்கு இது.
கலியபெருமாளுக்கு விரல் மூன்று,
மற்ற ஏழும் சியாச்சின் பனியில்.
சவரிராயனுக்குக் கண் இரண்டும் திராஸில்.
எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே யாழ்ப்பாணத்தில்,
ஒரு செம்மண் ஒழுங்கையில்.
கூட்டிக் கழித்தால் ஒரு முழு டிரைவர் தேறுவான்,
கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

இந்த வண்டிக்கு பானெட் முன்பக்கமாகச் சாயும்,
முகத்தையே கழற்றிக் கையில் கொடுக்கிற மாதிரி.
சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.
ஒற்றைக்காலனுக்கு இதைவிட மரியாதை
வேறெந்தக் கம்பெனியும் செய்ததில்லை.
கார்புரேட்டர் ஜெட்டைப் பல்லில் கடித்துத் திருப்புவான் கலியபெருமாள்.
"சாராயமா இருந்தாக்கூட பரவாயில்ல" என்பாள் அவன் மனைவி,
அந்த வாயை மோந்து பார்த்து.
சவரி மட்கார்டில் காது வைத்துப் படுத்திருப்பான்.
"மூணாவது டேப்பெட் பொய் சொல்லுது."
கழற்றிப் பார்ப்போம். சொல்லியிருக்கும்.

ஒரு நாள் மழை. ஷெட்டில் வேலை ஓடவில்லை.
சொல்ல நினைக்காததைச் சொன்னேன்.
என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது பட்டாள வண்டி இல்லை.
எங்கள் ஆட்கள் துப்பாக்கி காட்டி மறித்த
ஒரு பழைய ஆஸ்டின், ஏ ஃபார்ட்டி.
சொந்தக்காரரே ஓட்டினார். சீட் முழுக்க என் ரத்தம்.
திரும்பிப் பார்க்காமல் கேட்டார்,
"தம்பி எந்த ஊர்?"
நீடாமங்கலம் என்றேன், தமிழில்.
அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.
செகண்ட் கியர்தான் வழியெல்லாம் முனகியது.
அந்த முனகலை வாயால் செய்து காட்டினேன்.
கலியபெருமாள் தரையைப் பார்த்தான்.
சவரி இன்னொரு தடவை செய்யச் சொன்னான்.
செய்தேன்.
"சிங்க்ரோ தேஞ்சிருக்கும்" என்றான்,
"பாவம், அவருக்கு யாராச்சும் சொல்லியிருப்பாங்களா?"

சித்திரை முடிய எஞ்சின் பிடித்தது.
வெண்ணாற்றில் தண்ணீர் இல்லை,
கொள்முதல் நிலையத்தில் நெல் இல்லை.
தார்ப்பாய் மூடிய சாக்குக்கட்டும் எடைமேடையும் போக
பரந்து கிடந்தது சிமெண்டுத் தளம்.
வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார்,
அல்லது அப்படித்தான் சொல்லச் சொன்னார்.

யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தது.
"ரெண்டு காலும் பத்து விரலும் யாருக்கு இருக்கு?" என்றான் சவரி.
நியாயம்தான்.
எதிர்த்துச் சொல்ல எங்களிடம் ஒரு கால் குறைந்தது,
ஏழு விரலும்.

முதல் கியர். குதித்து நின்றது.
மறுபடி. நகர்ந்தது.
பின்னாலிருந்து கலியபெருமாள்
ரேஞ்சில் இலக்கு சொல்வதைப் போலச் சொன்னான்:
"பதினோரு மணில சாக்கு. ரெண்டு மணில தராசு.
பன்னெண்டு கிளியர்."
செகண்ட் போட்டான் சவரி. முனகவில்லை.

முப்பத்தைந்து வருஷமாக நான் எங்கே நடந்தாலும்
அடுத்த அடி விழும் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன்.
கோயில் பிரகாரத்திலும், சொந்தக் கொல்லையிலும்,
மகளின் கல்யாண மண்டபத்திலும்.
சீட்டின் கிழிசலிலிருந்து ஒரு கோழி இறகு எழும்பி
கண்ணாடிக்கும் என் முகத்துக்கும் நடுவே அலைந்தது.
அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முன்னாடி என்னடா இருக்கு?" என்று கத்தினான்.
பார்க்கவில்லை நான்.
"ஒண்ணுமில்ல. மிதி."