விரற்கடை

திரையில் என் தலையை
ரொட்டிபோல் வகுந்து வைத்திருந்தார் டாக்டர் கோ.
பிடரிக்குக் கொஞ்சம் கீழே
ஒரு துண்டில் மட்டும் வெள்ளை.
'சிறுமூளை' என்று தமிழில் சொன்னாள்
செவிலி பவளராணி.
பெயரைக் கேட்டு ஆறுதலாகத்தான் இருந்தது,
பெரியது தப்பித்ததே என்று.

பாசிர் பாஞ்சாங்கில் பத்தொன்பது வருஷம்
நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் குனிந்து உட்கார்ந்து
கப்பல் வயிற்றிலிருந்து பெட்டி தூக்கினவன்.
காற்றில் ஆடும் கம்பியை ஆடவிட்டு
ஆட்டம் திரும்பும் நொடியில் இறக்க வேண்டும்,
நாலு மூலையும் நாலு துளையில் உட்கார.
யாரும் எண்ணிச் செய்வதில்லை.
எண்ணினால் இடிக்கும்.

'அங்கிள், என் விரல். அப்புறம் உங்க மூக்கு'
என்கிறாள் ஷஹீரா.
போகிறது விரல். நெருங்க நெருங்க நடுக்கம்.
அவள் விரலைத் தாண்டி
ஒரு விரற்கடை தள்ளி
காற்றைத் தொட்டுவிட்டு நிற்கிறது.
கையில் பலம் அப்படியே இருக்கிறது.
வாக்கிடாக்கியில் 'மெல்ல, மெல்ல, போதும்' என்ற குரல்தான்
செத்துவிட்டது.

ஃபோர்மேன் வேலப்பன் கோபம் வந்தால் கத்துவான்,
கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?
ஆமாம் என்கிறது டாக்டர் மேசையின் பிளாஸ்டிக் மூளை.
பார்ப்பதெல்லாம் பிடரிப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்வையாம்.
சொல்லிச் சிரிக்க அவனுக்கு போன் போட்டேன்.
நாக்கு குழறியது.
காலையிலேயே குடிச்சிட்டியா என்றான்.

தண்டின் அடியில் முகுளம்.
மொட்டு என்றும் அதற்குப் பொருள் உண்டு.
நான் தூங்கும்போது மூச்சை இழுத்து விடுவது அதுதானாம்.
நைட் ஷிப்ட், மாற்று ஆள் கிடையாது.
'அடைப்பு கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தா...'
டாக்டர் கோ முடிக்கவில்லை.
பெட்டி இறக்கினவனிடம்
அதை முடிக்க வேண்டியதில்லை.

கிளமெண்டி கோப்பிக்கடை.
ஆ ஹுவாட் கிளாஸில் பாதிதான் ஊற்றுகிறான்,
காசு முழுசாக வாங்கிக்கொள்கிறான்.
முழங்கையை மேசையில் ஊன்றுகிறேன்.
எண்ணுகிற வேலை நெற்றிக்குப் பின்னாலாம்.
அதைத்தான் இப்போது கூண்டில் ஏற்றியிருக்கிறேன்,
புது ஆள், லைசென்ஸ் இல்லை.
ஒன்று.
இரண்டு.
கிளாஸ் மூக்கில் இடித்தது,
சட்டையில் கொஞ்சம் கொட்டியது.

மிச்சம்
சூடாகத்தான் இருந்தது.