ஏறுகிற கண்

புதுவயல் ரைஸ் மில்லில்
இருபத்திரண்டு வருஷம் பாய்லர் முள்ளைப் பார்த்தவன்.
முள் சிவப்புக் கோட்டைத் தொடுமுன்
கை தானாக வால்வுக்குப் போய்விடும்.

விழித்திரையை ஒட்டி,
உள்ளே ஒரு வாயுக் குமிழியும் வைத்து
குப்புறப் படு என்றார்கள்.
பத்து நாள்
சிமெண்டுத் தரையும் உமையாளின் பாதமும்தான் உலகம்.
இடது பெருவிரல் நகம் கறுத்திருந்தது.
கேட்கவில்லை.

சொட்டு விட்டது அவள்தான்.
குலுக்கி, இமையை இழுத்து,
இரண்டு மணிக்கொரு தரம்,
செல்போனில் அலாரம் வைத்து,
விடியக்காலை நாலுக்கும்.

மூன்றாம் வாரம் புருவத்துக்குமேல் இடி.
பல்பைச் சுற்றி வானவில்.
குனிந்தே கிடந்த கழுத்து வலி என்று
நானாக நினைத்துக்கொண்டேன்.

காரைக்குடியில்
தாடையை மேடையில் வைக்கச் சொல்லி
நீல விளக்கை விழியில் முட்டவிட்டு
முப்பத்தெட்டு என்றார் டாக்டர்.
"ஸ்டீராய்டுக்கு ஏறுகிற கண். சிலருக்கு அப்படி.
அந்தச் சொட்டை நிறுத்துங்க,
இதை விடுங்க."

பாய்லருக்காவது
முள் வெளியே இருக்கிறது.

பஸ்ஸில் அவள் பேசவில்லை.
மடியில் பழைய பாட்டில், புதுப் பாட்டில்.
கண்டனூர் தாண்டியதும்,
"ஒரு வேளைகூட நான் தவறவிடலையே" என்றாள்.

தவறவிடவில்லை.
அதை எப்படிச் சொல்வது?

பார்வையின் அடியில்
குமிழி ரசமட்டம்போல் ஆட,
குனிந்து,
நகத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அலாரம் அடிச்சுச்சுல்ல,
இருட்டுல
கட்டில் கால்ல இடிச்சுக்கிட்டேன்."