சாம்பிள்

கீழமாசி வீதியில் முப்பது வருசம்
வத்தலைக் கிள்ளி நாக்கில் வைத்து
விலை சொன்னவன்.
மூணாவது ஊசிக்கப்புறம்
ஆறிப்போன கஞ்சியே எரிகிறது.

நாலு டம்ளர் காய்ச்சி ஆறின தண்ணி,
உப்பு ஒரு ஸ்பூன், ஆப்பசோடா ஒரு ஸ்பூன்:
சிஸ்டர் சொன்னதை
சரக்குச் சிட்டையின் பின்பக்கம் எழுதி
பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள் பல்கீஸ்.
சின்னப்பிள்ளை பிரஷ்,
அதையும் வெந்நீரில் நனைத்துத்தான் தருவாள்.
ரெண்டு மணிக்கொரு தரம்
கொப்பளிங்க, துப்புங்க, விழுங்கிராதீங்க.

நேற்று கடைப் பையன்
முதுகுளத்தூர் முண்டு வத்தல்
பொட்டலத்தோடு வந்து நின்றான்.
என் கை நீளுமுன்
பிடுங்கி அவளே கடித்தாள்.

மூக்கு வியர்த்தது.
கண் கலங்கத்தான்
கொஞ்சம் தாமதம்.

சிலேட்டில் எழுதிக் காட்டினேன்:
போன வருசச் சரக்கு.
கிலோவுக்குப் பத்து ரூபாய் குறை.