மூன்றாவது கையெழுத்து

தாள் பார்க்கக் கூப்பிட்டார்கள் என்னை,
துணி பார்க்கிறவளை.

ஞாயிற்றுக்கிழமை. திருப்பூர், அவிநாசி ரோட்டில்
முகூர்த்தம் இல்லாத ஒரு மண்டபம்.
மணமேடையில் மேசை, மைக், சுத்தியல்.
தாராபுரம் தாலூகா முத்திரைத்தாள் ஒரு கட்டு,
கும்பினிக் காசு கால் கிலோ,
யாரோ ஒரு கலெக்டர் தன் குதிரைக்காரனுக்கு எழுதிய சீட்டு,
எல்லாம் பதினொரு மணிக்குள் போய்விட்டது.

அறுபத்து மூன்றாம் எண்ணில்
சட்டம் போட்ட ஒரு நோட்டு.
பென்சில்வேனியா. இருபது ஷில்லிங்.
ஆயிரத்து எழுநூற்று அறுபத்து நான்கு.
ராக்கிமுத்து கொண்டுவந்தது.

நல்ல வருசத்தில் வந்த பரிசு.
அந்த ஊர்க்காரர் மாதம் நாற்பதாயிரம்
குழந்தை பனியன் எடுத்துக்கொண்டிருந்தார்.
பிறகு ஒரு தை மாசம்
கப்பல் போனது, பணம் வரவில்லை.
மெயில் வந்தது. அப்புறம் மெயிலும் வரவில்லை.
மிசின்களை எல்லாம் தூக்கிப் போன பேங்க்
இதை மட்டும் ஆணியிலேயே விட்டுவிட்டது.
செல்லாத நோட்டுத்தானே.

"ஏனுங் அம்மணி, கொஞ்சம் பாருங்.
கோயமுத்தூர்க்காரர் டூப்ளிகேட்டுங்கறார்."

அவர் செக்கிங் மேசையில் பதினாலு வருசம் நின்றவள்.
நூல் எண்ணும் கண்ணாடி இன்னும் பையில் உண்டு.
சட்டத்தைக் கழற்றச் சொன்னேன்.

பின்பக்கம் ஒரு இலை, நரம்பு நரம்பாக.
அதனோடு ஒரு வரி:
கள்ள நோட்டு அடித்தால் சாவு.
இலைக்குப் பக்கத்தில் அதை எழுத
எப்படித்தான் மனசு வந்ததோ.

கண்ணாடிக்குள் தாள் தெரியவில்லை. கந்தல் தெரிந்தது.
யாரோ உடுத்துக் கிழித்த சட்டை,
ஊறி, இடிபட்டு, கூழாகிக் காய்ந்தது.
பருத்தி இல்லை. என் கைக்குப் பழகாத வேறு நார்.
நடுநடுவே காக்காப்பொன் மின்னியது.

"பழைய தாளு கிடைக்குமுங்,
அதுல புதுசா அடிச்சுக்கலாம்," என்றார் கோயமுத்தூர்க்காரர்.
நியாயம்தான்.

கையெழுத்துக்கு வந்தேன்.
மூன்று பேர் போட்டிருந்தார்கள்.
முதலாமவர் கோலம் போட்டிருந்தார்.
இரண்டாமவர் கணக்குப்பிள்ளை.
மூன்றாவதில்
முதலெழுத்து மட்டும்தான் முழுசு.
மீதி ஒரு வால்,
மை தீர்ந்தும் நிற்காமல் இழுத்துக்கொண்டு போனது.

இந்த வாலை எனக்குத் தெரியும்.
ராத்திரி ஒன்பதே கால், வாசலில் லாரி உறுமுகிறது,
ஆயிரத்து இருநூறாவது பீசின் டேக்கில்
'க' போடுகிறேன்.
கொக்கி மட்டும் நிற்கும். பிறகு அதுவும் போகும்.

கட்டு தீரவில்லை அவனுக்கு.
ஆயிரத்துக்கு இவ்வளவென்று கூலி பேசியிருப்பான்.
பசித்திருக்கும்.

"கள்ளன் ஒண்ணே ஒண்ணுதானுங் போடுவான்.
அழகாப் போடுவான்.
இது நெசம்."

யாரோ சிரித்தார்கள்.
கோயமுத்தூர்க்காரர் என் கண்ணாடியை வாங்கி
வெகுநேரம் குனிந்திருந்தார்.
ஐம்பதாயிரம் என்று அவரே ஆரம்பித்தார்.

அறுபது. எழுபத்தஞ்சு.
சேலத்திலிருந்து ஒரு போன் விடாமல் ஏறியது.
ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
கோயமுத்தூர்க்காரருக்கே.

தருகிறேன் என்று அதில் அச்சடித்த ராஜாங்கம்
எப்போதோ இல்லாமல் போய்விட்டது.
ஆனாலும் அந்த நாட்டிலிருந்து
கடைசியாக வந்த பணம் இதுதான்.

சமையல்கட்டுப் பக்கம் என்னைக் கூப்பிட்டு
ராக்கிமுத்து எண்ணினார்.
"ரெண்டு மாசச் சம்பளம், அந்த வருச போனசு.
நாலு வருசம் ஆயிப்போச்சுங்."
வவுச்சர்கூட வைத்திருந்தார், மூடிய கம்பெனியின் பேரோடு,
ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி.

நாற்காலி இல்லை. சுவரில் வைத்து
முழுப்பேரையும் எழுதினேன், கருணாம்பிகை,
ம்-க்குப் புள்ளிகூட விடாமல்,
அவசரமே இல்லாமல்.

திருப்பிப் பார்த்தேன்.
கள்ளக் கையெழுத்து மாதிரியே இருந்தது.