உப்புத்தண்ணி

எங்கள் தெருவில் தண்ணீர் இரண்டு வகை.
ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் வருவது நல்லதண்ணி.
மோட்டார் போட்டால் வருவது உப்புத்தண்ணி:
துவைக்க, கழுவ, வாளியின் விளிம்பில் வெள்ளையாய்ப் படிய.
ஆகவே உப்பு எனக்குத் தெரியும் என்றுதான்
மாட்டுத்தாவணியில் விடியாத மூன்று மணிக்கு
ராமநாதபுரம் வண்டி ஏறினேன்.

கூட மெர்லின். ஆபீஸில் பக்கத்து மேஜை.
இருவருக்கும் சேர்த்து வயது எண்பத்து மூன்று.
பையில் நீச்சல் கண்ணாடி, தொப்பி, எலுமிச்சைச் சோறு.
வீட்டில் நான் சொன்னது உத்தரகோசமங்கை.
அவள் சொன்னது ஓரியூர்.

அரியமான் கரையில் மேல்கையில் மார்க்கரால் எண் எழுதினார்கள்.
எனக்கு 114.
ஆரஞ்சு மிதவைவரை போய்த் திரும்ப ஒன்றரைக் கிலோமீட்டர்.
கயாக்கில் காவலுக்கு நின்ற கித்தேரியான்
"சொறி தொட்டா கத்தாதீக, கையத் தூக்குங்க, வந்துருவேன்" என்றான்.
பிறகு, "மருதையா? அங்க எங்குட்டு நீந்துவீக?"
ரேஸ்கோர்ஸ் குளத்தைச் சொன்னோம்.
துடுப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான்.

குளத்தில் இருபத்திரண்டு கைவீச்சுக்கு ஒரு சுவர் உண்டு.
அடியில் கறுப்பு ஓட்டுக் கோடு.
அதைப் பார்த்தே ஒன்பது வருடம்,
பெண்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில்
முன்னால் போகிறவளின் குதிகால் மூக்கில் இடிக்க.
இங்கே அடியில் பாசி. அப்புறம் மணல்.
அப்புறம் அதுவும் இல்லை,
பச்சையாய் ஒரு வெளிச்சம் மட்டும்.
இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு
உடம்பு தானாகச் சுருண்டு குட்டிக்கரணம் போட்டு
உதைக்கக் காலை நீட்டியது.

சுவர் இல்லை.

வாய் நிறையக் கடல்.
எங்கள் மோட்டார்த் தண்ணி
இதற்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை.
இருமி முடித்தபோது ஒன்று விளங்கியது:
இத்தனை வருடமும் பாதித் தூரத்தை
சுவர்தான் எனக்காக நீந்தியிருக்கிறது.

மிதவைக்கு முன்னாலேயே மெர்லின் கை தூக்கிவிட்டாள்.
கயாக்கில் அம்பாரி ஏறியவள்போல் உட்கார்ந்து
எனக்குக் கையாட்டினாள்.
எண்ணுவதை விட்டுவிட்டு நான் போய்க்கொண்டிருந்தேன்.
தொடையில் எதுவோ தீயாய் உரசியது. கத்தவில்லை.
கையைத் தூக்கவும் இல்லை.

ஐம்பத்தெட்டு நிமிடம். கடைசிக்கு முந்தைய இடம்.
கடைசி, வழியில் வாந்தியெடுத்த ஒரு காலேஜ் பையன்.
அவனுக்குப் பாதிச் சோறு கொடுத்தோம்.

இரவு டவுன் பஸ் பாலத்தில் சற்று நின்றது.
கீழே வைகை, மணலுக்கு ஓரமாய் ஒதுங்கி, கொஞ்சம்போல.
கடலைப் பார்த்துவிட்டு வந்ததை
அதனிடம் சொல்வதா வேண்டாமா என்று இருந்தது.
அதற்குள் சிக்னல் விழுந்துவிட்டது.

"தரிசனம் ஆச்சா?" என்றார் இவர்.
"நல்ல கூட்டம்."

குளியலறையில் தொடையில் சிவந்த கோடு,
காதுக்குள் இன்னும் வடியாத கடல்.
ஜாக்கெட் கை மறைத்த இடத்தில் 114.
தேய்த்துப் பார்த்தேன்.
உப்புத்தண்ணியில் சோப்பு நுரைக்காது.
நல்லதாய்ப் போயிற்று.